அச்சத்தை மறைக்காத தலைவர்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

நம் நகரின் தென்பகுதியில், அடையாற்றை ஒட்டிய சர்தார் பட்டேல் சாலையில், காந்தி மண்டப வளாகம் அமைந்துள்ளது. அண்ணல் காந்தியார், மூதறிஞர் இராஜாஜி, பெருந்தலைவர் காமராசர், பக்தவத்சலனார் ஆகியோரின் நினைவிடங்களோடு, நம் சமுதாயம் ஈன்ற பெருமகனார் இரட்டைமலை சீனிவாசனாரின் மணிமண்டபமும் அங்கே எழுந்து நிற்கிறது. அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவர் வாழ்வை அறிவர்? ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என அவர் பெற்ற பட்டங்களைச் சிலர் அறிவர். அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர் என்பதையும் சிலர் அறிவர். ஆனால் அம்மாமனிதர் தம் இளமையில் ஓர் அச்சத்தைச் சுமந்து வாழ்ந்தார் என்பதையும், அந்த அச்சத்தை ஒளிக்காமல் ஊரறியச் சொன்னதே அவருடைய பொதுவாழ்வின் தொடக்கமாயிற்று என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே. நம் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றை நம் இளைஞர்முன் வைக்க விரும்புகின்றோம்.

பள்ளிக்கு வெளியே நின்ற சிறுவன்

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் சீனிவாசனார் பிறந்தார். இரட்டைமலை என்பதை ஊர்ப்பெயர் என்று எண்ணுவோர் உளர். அது அவருடைய தந்தையாரின் பெயராகும். தீண்டாமைக் கொடுமையும் வறுமையும் சேர்ந்து துரத்த, அக்குடும்பம் பிறந்த மண்ணை விட்டுத் தஞ்சைக்கும், பின்னர்க் கோயம்புத்தூருக்கும் குடிபெயர்ந்தது. கோவையில்தான் சிறுவன் சீனிவாசனுக்குக் கல்விக்கூடத்தின் கதவு திறந்தது.

கதவு திறந்தது, ஆனால் உள்ளே நுழைவது எளிதாக இல்லை. அப்பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர் பயின்றனர். அவர்களுள் பத்துப் பேரைத் தவிர ஏனையோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். சாதி ஒழுங்கு அங்கே கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. தம் குலத்தையும் குடியிருப்பையும் பிற மாணவர் தெரிந்துகொண்டால் தம்மை இழிவாக நடத்துவர் என்று அச்சிறுவன் அஞ்சினான். அதனால் காலையில் பள்ளி வளாகத்துக்குள் செல்லாமல் வெளியே எங்கேனும் ஓரிடத்தில் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவான். மாலையில் வகுப்புக் கலைந்ததும், எவரும் உடன் நடந்து வந்து பேச்சுக் கொடுத்துவிடாதபடி விரைந்து வீடு சேர்வான். ஒத்த வயதுப் பிள்ளைகளோடு கூடி விளையாட முடியவில்லையே என்று தனித்திருந்து மனம் கலங்குவான். இவற்றையெல்லாம் 1939ஆம் ஆண்டில் வெளியான தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். எண்பதாண்டு அகவையை எட்டி, அரசாங்கப் பட்டங்கள் பெற்று, மன்னரையும் கண்டு மீண்ட ஒரு தலைவர், தம் வரலாற்றை எழுதும்போது தம் வெற்றிகளை மட்டும் எழுதியிருக்கலாம். அஞ்சி ஒளிந்த நாள்களை மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. தாம் கண்ட அச்சமே தமக்குப் பின்வரும் ஆயிரமாயிரம் பிள்ளைகளின் அச்சமும் ஆகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பெயரைச் சொல்லி வெளிப்பட்டவர்

படிப்பை முடித்த சீனிவாசனார் நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார். 1890ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். வந்தவுடன் மேடை தேடி அலையவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நம் மக்கள் வாழும் ஊர்களுக்குச் சென்று, அவர்களோடு கலந்து, அவர்களுடைய பழைய வரலாற்றையும் நிகழ்கால இன்னல்களையும் கேட்டறிந்தார். 1891ஆம் ஆண்டில் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார்.

அவ்வாண்டுகளில் அவர் பிறந்த செங்கற்பட்டுச் சீமையிலேயே ஒரு பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமையை ஆராய்ந்து 1891ஆம் ஆண்டில் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். நிலமின்றி, குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்றி, கடனுக்கு உடலை அடகு வைத்து வாழ்ந்த மக்களின் துயரம் அவ்வறிக்கையில் பதிவாயிற்று. 1892ஆம் ஆண்டு அரசாணையின் வழியே பஞ்சமி நிலம் பிறந்தது இதன் விளைவேயாகும். நம் மக்களுக்கு நிலம் தரக்கூடாது என்று மிராசுதாரர்கள் எதிர்த்தார்கள். ஏன்? உழுகின்றவனுக்குச் சொந்தமாகக் காணி நிலம் வாய்த்துவிட்டால், தங்கள் கழனியில் சேறு மிதிக்க ஆள் கிடைக்காதே என்று அவர்கள் அஞ்சினார்கள். அடிமை செய்தவன் அடிக்கு அஞ்சினான்; அடிமை கொண்டவனோ தன் வாழ்வே அந்த அடிமையின் கையில் இருப்பதை அறிந்து அஞ்சினான். சினமும் வசையும் தடியடியும் மேலே தெரிந்தன. இருபுறத்து அச்சமும் அவற்றின் அடியில் கிடந்தது. நம் மக்களின் அச்சத்தை ஊர் ஊராகச் சென்று கேட்ட சீனிவாசனார், அதற்கு ஒரு குரல் வேண்டும் என்று கண்டார்.

1893ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர் ஓர் இதழைத் தொடங்கினார். நான்கே பக்கங்கள் கொண்ட மாத இதழ், விலை இரண்டணா. அதற்கு அவர் இட்ட பெயர் பறையன். எந்தச் சொல்லைக் கேட்டால் தலை குனிய வேண்டும் என்று ஊர் பழக்கியிருந்ததோ, எந்தச் சொல் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சிச் சிறுவயதில் பள்ளிக்கு வெளியே காத்திருந்தாரோ, அந்தச் சொல்லையே இதழின் நெற்றியில் அச்சிட்டார். தன் இனத்தின் பெயரைச் சொல்லத் துணியாதவன் தன் இனத்துக்கு உரிமை கேட்க முடியாது என்பது அவர் கொள்கை. ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுத்துவிடுவதாக மிரட்டலாம். தானே முன்வந்து நின்றவனை அவ்வாறு மிரட்ட இயலாது.

முதல் இதழின் 400 படிகள் இரண்டே நாளில் சென்னையில் விற்றுத் தீர்ந்தன. மூன்று மாதங்களில் அது வார இதழாக வளர்ந்தது. ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் நம் மக்களின் குறைகளை அரசாங்கத்தின் செவிக்கு எட்டச் செய்தது.

அதே காலத்தில், நகரின் தென்கோடியாகிய அடையாற்றில், பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டில் நம் குழந்தைகளுக்கென்று இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். குலம் கேட்பார் என்ற நடுக்கமின்றி ஒரு குழந்தை மணியடிக்கும் முன்பே உள்ளே சென்று அமரத்தக்க பள்ளி எவ்வளவு பெரிய பேறு என்பதை, கோவையில் வெளியே நின்ற சீனிவாசனாரைக் காட்டிலும் அறிந்தவர் யாவர்?

அச்சத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்

இந்திய ஆட்சிப் பணிக்கான தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் அந்நாளில் வேண்டினர். கேட்பதற்கு நியாயமான வேண்டுகோளே. ஆயினும் சீனிவாசனார் அதனை எதிர்த்தார். அன்றைய நிலையில் அத்தேர்வில் வெல்லக்கூடியோர் கல்வியைத் தம் கையில் வைத்திருந்த மேல்சாதியாரே. அவர்களே மாவட்டந்தோறும் அதிகாரிகளாக வந்தால் நம் மக்களின் கதி என்னாகும் என்று அவர் அஞ்சினார். 1893ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூடிற்று. 3,412 பேர் ஒப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் ஆங்கில நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

நாட்டு விடுதலைக்கு இது தடையன்றோ என்று பின்னாளில் கேட்டவர்கள் உண்டு. அவ்வினாவை நாமும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அவ்விண்ணப்பத்தை வேறொரு கண்கொண்டும் காணலாம். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள் புழுங்கிய ஒரு மக்கள், உங்கள் ஆட்சியில் நாங்கள் பாதுகாப்பாக இருப்போமா என்று எங்களுக்கு ஐயமாக இருக்கிறது என்று முதன்முறையாகக் கையொப்பமிட்டுச் சொன்னார்கள். ஓர் அச்சம் வெளியே சொல்லப்பட்ட பின்புதான் அதற்கு மறுமொழி கூறும் கடமை மற்றவர்க்கு உண்டாகிறது.

ஒரே நோய்க்கு இரு மருந்து

சீனிவாசனாரின் காலத்திலேயே, மயிலைக்கு அண்மையிலுள்ள இராயப்பேட்டையில் பண்டிதமணி அயோத்திதாசர் தம் அறிவுப் பணியை நடத்தி வந்தார். அவர் சீனிவாசனாரின் தங்கையை மணந்தவர். உறவால் நெருங்கிய இவ்விருவரும் வழியால் வேறுபட்டனர். பறையன் என்ற பெயரையே அயோத்திதாசர் ஏற்கவில்லை. அது பகைவர் சூட்டிய பெயர் என்றும், நாம் பூர்வ பௌத்தர் என்றும், தமிழின் பழங்குடியினர் என்றும் அவர் நிறுவினார். 1907ஆம் ஆண்டில் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார்.

ஒருவர் இழிபெயரைத் துடைத்தெறிந்தார். மற்றொருவர் அதையே கொடியாக ஏந்தினார். எவர் வழி சரி என்று இன்றும் நம்முள் வழக்காடுவோர் உளர். நாம் இவ்விருவரையும் எதிரெதிர் அணியில் நிறுத்த விரும்பவில்லை. பெயரைக் கேட்டவுடன் நம் குழந்தையின் முகம் வாடுகிறதே என்ற ஒரே வேதனையிலிருந்து புறப்பட்டவர்கள் இருவரும். மாற்றுக் கருத்துடைய நம்மவரிடம் இந்த வேதனையைக் காணப் பழகினால், நம் சங்கங்களுக்குள் எழும் பூசல்களுள் பாதி தணிந்துவிடும்.

1900ஆம் ஆண்டில் சீனிவாசனார் கடல்கடந்து சென்றார். ஆப்பிரிக்க நாட்டில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். அங்கே வழக்கறிஞராக விளங்கிய காந்தியாரோடு பழகினார். காந்தியாருக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்பித்தவர் சீனிவாசனாரே என்று நம் பெரியோர் சொல்லி வருவர். மொழிபெயர்ப்பாளரின் பணி எத்தகையது? ஒருவர் மொழியை மற்றவர் அறியாத இருவருக்கு இடையே நின்று, இவர் சொல்வதைச் சிதையாமல் அவருக்கும், அவர் சொல்வதைச் சிதையாமல் இவருக்கும் கொண்டு சேர்ப்பதாகும். இருதரப்பையும் செவிகொடுத்துக் கேட்டாலன்றி அத்தொழில் நடவாது. தாயகம் திரும்பிய பின் அவர் ஆற்றிய பணியும் ஒருவகையில் அத்தகையதே.

தெருவும் கிணறும்

1923ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்துக்கு அவர் நியமிக்கப்பட்டார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக்கட்டடம் ஆகியவற்றை எல்லா மக்களும் தடையின்றிப் பயன்படுத்த உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டில் கொண்டுவந்தார். அது நிறைவேறி அரசாணையாக வெளிப்பட்டது.

அன்பினால் பகையை வெல்லலாம் என்று நாம் கூறும்போது, சட்டம் எதற்கு, உரிமைப் போர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சீனிவாசனாரின் வாழ்வு இதற்கு விடை தருகிறது. தாகத்தோடு நிற்பவனைக் கிணற்றடியில் தடுத்துவிட்டு, அவனிடம் அன்பை எதிர்பார்ப்பது அறமாகாது. முதலில் அவன் கையில் நீர் சேர வேண்டும். அஞ்சுகின்ற எளியவனுக்குச் சட்டம் துணை நின்றால்தான், அவன் நிமிர்ந்து நின்று மற்றவர் முகத்தைப் பார்க்க முடியும். முகம் பார்த்த பிறகே பேச்சும் பேச்சின் வழியே இணக்கமும் பிறக்கும். சட்டம் வந்தவுடன் எல்லாத் தெருவும் திறந்துவிடவில்லை என்பது உண்மையே. ஆயினும், தடுப்பவன் குற்றவாளி, நடப்பவன் குற்றவாளியல்லன் என்று அரசாங்கம் ஏட்டில் எழுதிய நாள் நம் வரலாற்றில் பெருநாளாகும்.

மன்னர் முன்னும் எரவாடா உடன்படிக்கையிலும்

1930ஆம் ஆண்டில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோரின் சார்பில் இந்தியாவிலிருந்து அழைக்கப்பட்டவர் இருவர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர்; மற்றொருவர் எழுபது வயதைக் கடந்த நம் சீனிவாசனார். அப்போது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம்மிடம் தீண்டாமை என்பது யாது என்று வினவியதைத் தம் வரலாற்றில் அவர் குறித்துள்ளார். எங்களில் ஒருவன் தெருவில் விழுந்து கிடந்தால், மேல்சாதிக்காரன் அவனைத் தொட்டுத் தூக்கிவிட மாட்டான் என்பதே அவர் தந்த விளக்கம். மன்னர் திடுக்கிட்டார். சட்டப் பிரிவுகளையும் புள்ளிக்கணக்குகளையும் சீனிவாசனார் அங்கே அடுக்கவில்லை. விழுந்து கிடக்கும் ஒரு மனிதனைக் காட்டினார். தம் இனத்தின் மிகவும் நோகும் இடத்தைத் திறந்து காட்ட அவர் நாணவில்லை.

1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வகுப்புவாரித் தீர்ப்பு வெளியாயிற்று. நம் மக்கள் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்குரிமை கிடைத்தது. அதனை எதிர்த்துக் காந்தியார் எரவாடாச் சிறையில் செப்டம்பர் 20ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். நாடு நடுங்கிற்று. இந்து சமுதாயம் பிளவுபட்டுவிடும் என்று ஒரு பக்கம் அஞ்சிற்று. பெரும்பான்மையோரின் வாக்கை நம்பினால் நம் குரல் என்றென்றும் அடங்கிவிடும் என்று மறுபக்கம் அஞ்சிற்று. காந்தியார் உயிருக்கு ஊறு நேர்ந்தால் ஊர்தோறும் நம் குடிசைகளின் நிலை என்னாகும் என்பது அதனினும் கொடிய அச்சமாக இருந்தது. அந்த அழுத்தத்தின் கீழ்தான் அண்ணல் அம்பேத்கர் உடன்பட நேர்ந்தது என்பதை மறந்து, பூனா உடன்படிக்கையை வெறும் அன்பின் விளைவாகப் பாடுதல் நேர்மையாகாது.

ஆயினும் அவ்வுடன்படிக்கை எவ்வாறு எட்டப்பட்டது என்பதை நோக்குங்கள். தீர்ப்பு வழங்கியிருந்த 71 இடங்கள் 148 ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30 இடங்கள். பொதுத் தொகுதியாயினும், முதற்கட்டத் தேர்தலில் நம் மக்களே நால்வரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. அஞ்சாதே என்ற வெறும் வாய்ச்சொல்லை நம் தலைவர்கள் ஏற்கவில்லை. அச்சத்துக்கு ஈடாக இடம் கேட்டார்கள், எண்ணிக்கை கேட்டார்கள், பெற்றார்கள்.

அந்த ஏட்டில் அம்பேத்கருடன் சீனிவாசனாரும் ஒப்பமிட்டார். மற்றொரு பெயரும் அதில் உண்டு. அதே ஆண்டின் முற்பகுதியில் மூஞ்சேயுடன் தனியே உடன்பாடு கண்டு, பொதுத் தொகுதியே போதும் என்று வாதிட்ட பெருந்தலைவர் எம்.சி. ராஜாவின் பெயர் அது. எதிரெதிரே நின்று வழக்காடிய நம் தலைவர்களின் கையெழுத்துகள் ஒரே தாளில் இடம்பெற்றன. 1935ஆம் ஆண்டில் மதமாற்றம் பற்றி அம்பேத்கர் அறிவித்தபோது, நாம் நால்வருணத்துக்கு வெளியே உள்ளவர்கள், ஆதலால் விட்டு வெளியேற வேண்டிய தேவையில்லை என்று சீனிவாசனார் வெளிப்படையாகவே மாற்றுக் கருத்துக் கூறினார். நெஞ்சில் ஒன்று வைத்து வாயில் ஒன்று பேசும் வழக்கம் அவரிடம் இல்லை.

1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் சென்னையில் அவர் இயற்கை எய்தினார். ஓட்டேரியில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

நம் இளைஞருக்கு

இளைஞர்களே! அவருடைய பள்ளி வாழ்வு ஒரு நூற்றாண்டுக்கு முந்திய கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இன்று நம் பிள்ளைகள் இடம்பெற்றிருக்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை என்று உடன் இருப்பவர் இயல்பாகக் கேட்கும்போது, பேச்சை மாற்றிவிட்டு எழுந்து செல்லும் நம் பிள்ளை இன்றும் உண்டு. விடுதி அறையில் உதவித்தொகைப் படிவத்தைத் தலையணைக்கு அடியில் மறைத்து வைக்கும் பிள்ளை உண்டு. மணியடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்த அச்சிறுவனின் உடன்பிறப்புகளே இவர்கள்.

இவர்களை நோக்கிக் கோழையே என்று நாம் கூறலாகாது. அச்சம் குற்றமன்று, அச்சத்தை உண்டாக்கியவர் மீதே குற்றம் உளது. அப்பிள்ளையின் அருகில் சென்று அமர்ந்து, நாமும் அஞ்சியவர்களே என்று சொல்ல வேண்டும். மூத்தவர் ஒருவர் தம் அச்சத்தை மறைக்காமல் கூறினால், இளையவரின் தனிமை அக்கணமே குறைகிறது. நம் சங்கத்தின் மாலை வகுப்புகளிலும் விடுதிகளிலும் பாடத்தோடு இப்பேச்சும் நடைபெறுதல் வேண்டும்.

அடுத்து, நம்மை இழிவாகப் பேசுகின்றவரை எதிர்கொள்ளும்போது, அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். பழைய மதிப்பு போய்விடுமோ, தம் பிள்ளைக்கு இடம் கிடைக்காதோ, தம்மவர் நகைப்பாரோ என ஏதோ ஓர் அச்சம் அங்கே இருக்கும். அதை அறிவதனால் அவர் செயல் நியாயமாகிவிடாது. நம் உரிமையில் அணுவளவும் விட்டுக்கொடுக்க வேண்டியதுமில்லை. ஆனால் எதிரில் நிற்பவனும் அஞ்சுகின்ற மனிதனே என்று கண்டவனுக்கு நாக்கு நடுங்காது; வசைக்கு வசை கூறவேண்டிய தேவையும் நேராது. சட்டத்தை ஒரு கையிலும் மனிதநேயத்தை மறுகையிலும் ஏந்தி அவன் பேச முடியும்.

சூலை 7ஆம் நாளன்று நம் சங்கத்தின் பிள்ளைகளைக் காந்தி மண்டப வளாகத்துக்கு அழைத்துச் செல்வோம். மணிமண்டபத்தில் மாலையிட்டுத் திரும்புவதோடு நிறைவடையாமல், அவர் எழுதிய சிறு நூலை அங்கே அமர்ந்து உரக்கப் படிப்போம். கோவைப் பள்ளிப் பகுதியை நம்முள் இளைய பிள்ளையே படிக்கட்டும். சீனிவாசனார் புகழ் ஓங்குக! நம் கல்விச் சங்கம் வளர்க!